சொல் கைவருமுன் தொடங்கிய வைத்தியர்: சாமுவேல் பிஸ்க் கிறீன்

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். நான் வைத்தியத் துறையில் இருப்பவள் என்பதால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையோ டாக்டர் மேரி ரட்ணம் அம்மையாரையோ பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இருவரும் எழுதப்பட வேண்டியவர்களே. ஆனால் நான் தேர்ந்தெடுத்தவர் ஓர் ஆண், அதுவும் அமெரிக்கர். அவருடைய பணி முழுவதும் நடந்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். அவரைப் பற்றி ஸ்பிரிங்வெளியில் பிறந்த ஒருத்தி பதுளையில் வெளிவரும் மலரில் எழுதுவதற்கு என்ன முகாந்திரம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும். காரணம் நடுவில் வரும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம். அண்ணன்மாரில் ஒருவரான அன்ட்ரூ கிறீன் பின்னாளில் நியூயோர்க் நகரத்தின் நிர்வாகத்தில் பெரும் பெயர் பெற்றவர். அந்நகரின் நடுவிலுள்ள சென்ட்ரல் பார்க் உருவானதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. தம்பி நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அண்ணனுடைய நகரத்திலேயே தொழில் நடத்தியிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். அவரோ மிஷன் ஊழியத்துக்கு விண்ணப்பித்தார்.

1845இல் ஒருவர் வைத்தியராக வெளியே வருவதென்றால் என்ன என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அப்போது சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கிடையாது. ஈதர் கொடுத்து வலியின்றி அறுக்கலாம் என்று பொஸ்டன் நகரில் எல்லோர் முன்னிலையிலும் காட்டியது மறுவருடம், 1846 ஒக்டோபரில். குளோரபோம் வந்தது 1847இன் கடைசியில். காயத்தைக் கிருமி நீக்கிக் கழுவவேண்டும் என்று லிஸ்டர் எழுதியது 1867இல். கொலரா எதனால் வருகிறது என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கெட்ட காற்றால் என்பதே பெரும்பாலோர் நம்பிக்கை. ஆக, கிறீன் கப்பலேறியபோது அவருடைய தமிழ் மட்டுமல்ல, அவர் படித்திருந்த வைத்தியமே அரைகுறையானதுதான். அவருடைய ஆசிரியர்களிடமும் அதற்கு மேல் இருக்கவில்லை.

1847 ஒக்டோபரில் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்து அப்போது முப்பது வருடங்கள் கடந்திருந்தன. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியதும் அதே மிஷன்தான். நூறு வருடத்தைக் கொண்டாடும் நமக்கு இருநூறு வருடத்தைக் கண்ட மூத்த அக்காமார் அங்கே இருக்கிறார்கள் என்பதை இந்த மலரில் நினைவுகூர்வது பொருத்தம். வைத்தியத்தில் கிறீனுக்கு முன்னோடிகள் இருவர். ஒருவர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துப் பின் சென்னைக்குப் போய்விட்ட ஜோன் ஸ்கடர். மற்றவர் நேதன் வார்ட். வார்ட் நாடு திரும்பியதால் ஏற்பட்ட வெற்றிடத்துக்குத்தான் கிறீன் அனுப்பப்பட்டார்.

மிஷனுக்குப் புதிதாக வருபவர் முதலில் மொழியைப் படிக்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் வைத்தியர் வந்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் நோயாளிகள் இலக்கணம் முடியும்வரை காத்திருப்பார்களா? ஒரு பக்கம் தமிழ் பாடம், மறு பக்கம் சிகிச்சை என்று இரண்டும் ஒன்றாகவே நடந்தன. 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே மருந்துச்சாலை, அதையொட்டி வைத்தியசாலை. அதே ஆண்டிலேயே வைத்திய வகுப்பும் ஆரம்பமாயிற்று.

இந்த இடத்தில் என் மனம் எப்போதும் சற்று நின்றுவிடும். நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மொழி இன்னும் கைவரவில்லை. தொழிலில் அனுபவம் இரண்டு, மூன்று வருடம். எங்கள் கணக்கில் சொன்னால் இன்டேர்ன்ஷிப் முடிந்து முதல் நியமனத்தில் இருக்கும் பிள்ளை. அந்த நிலையில் ஒருவர் மற்றவர்களை வைத்தியராக்கப் புறப்படுகிறார். இன்று யாராவது இப்படிச் செய்தால் மருத்துவ சபை சும்மா விடாது, விடவும் கூடாது. ஆனால் அன்று குடாநாடு முழுவதற்கும் மேல்நாட்டு வைத்தியம் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. தகுதி நிறைந்த பின் தொடங்குவோம் என்று அவர் இருந்திருந்தால் அவருடைய காலத்தில் வகுப்பே இருந்திராது. கொழும்பில் அரசாங்கம் வைத்தியக் கல்லூரியைத் திறந்தது 1870இல்தான். மானிப்பாய் வகுப்பு அதற்கு 22 வருடம் மூத்தது.

அந்த முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. புத்தகங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. மாணவர்களும் வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கற்றவர்கள். ஆசிரியருக்குத் தமிழ் போதாது. இருப்பதைக் கொண்டு தொடங்கினார். சில வருடங்களில் விளைவு தெரிந்தது. நன்றாகப் படித்து வெளியேறிய பிள்ளைகளை அரசாங்கமும் வெளியூர்களும் உத்தியோகம் கொடுத்து அழைத்துக்கொண்டன. அது அவர்கள் குற்றமல்ல. ஆங்கிலம் தெரிந்த வைத்தியனுக்குக் குடாநாட்டுக் கிராமத்தில் கிடைக்கும் வருமானம் என்ன? ஆனால் கிராமத்துக்கு வைத்தியர் வேண்டும் என்பதற்காகத்தான் வகுப்பே தொடங்கப்பட்டது. வகுப்பு நன்றாக நடந்தது. அது நினைத்த காரியம் நடக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டதுதான் கிறீனுடைய கெட்டித்தனம் என்பது என் அபிப்பிராயம். எத்தனை நல்ல திட்டங்கள் வருகைப் பதிவேடு நிரம்பியிருக்கிறது என்ற திருப்தியிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன!

ஆகவே தமிழில் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பலப்பட்டது. அதற்குத் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். சொல் எங்கே?

தமிழில் வைத்தியமே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சித்தவைத்தியர்கள் பரம்பரை பரம்பரையாக இருந்தார்கள், ஏட்டுச்சுவடிகள் இருந்தன, நாடி, வாதம், பித்தம், சிலேற்பனம் என்று நுட்பமான சொல்வளம் இருந்தது. ஆனால் உடலை அறுத்துப் பார்த்துப் பெயரிட்ட ஒரு வைத்தியத்துக்குத் தேவையான சொற்கள் அந்தச் சுவடிகளில் ஒன்றுக்கொன்றாகக் கிடைக்காது. ஒவ்வொரு சிறு எலும்புக்கும், தசைக்கும், நாளத்துக்கும் பெயர் வேண்டும். முதலில் முழு அகராதியைத் தயாரித்து, பண்டிதர்களிடம் ஒப்புதல் பெற்று, அதன்பின் நூல் எழுதலாம் என்பது ஒழுங்கான வழி. அந்த வழியில் போயிருந்தால் அவருடைய ஆயுள் சொற்பட்டியலிலேயே கழிந்திருக்கும்.

கிறீன் முதலில் எடுத்தது பெரிய வைத்திய நூல் ஒன்றையல்ல. கல்வின் கட்டர் என்ற அமெரிக்கர் பாடசாலைப் பிள்ளைகளுக்காக உடலமைப்பு, உடலின் தொழில், சுகாதாரம் மூன்றையும் சேர்த்து எழுதிய பாடநூலைத்தான் தெரிந்தெடுத்தார். 1850களில் அது 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரோடு தமிழில் வெளிவந்தது. பெயரைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் பரவாயில்லை, எனக்கும் வந்தது. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. சுகரணவாதம் என்றால் உடலின் தொழில்பற்றிய கல்வி. உற்பாலனம் சுகாதாரம். மூன்று சொல்லும் இன்று எந்தப் பாடசாலையிலும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைப்புத்தகத்தை மொழிபெயர்க்கும்போதுதான் அவர் கையில் சொற்கள் சேர்ந்தன. அந்தச் சொற்களை மூலதனமாக வைத்து அடுத்த நூல். அது கொடுத்த சொற்களோடு அதற்கடுத்தது.

சொல் ஆக்குவதற்கு அவர் ஒரு முறையையும் வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. வழக்கிலும் பழைய நூல்களிலும் கிடைத்தால் அதையே எடுப்பது. கிடைக்காவிட்டால் வடமொழியைப் பார்ப்பது. அங்கும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு ஏற்ற உருவத்தில் எழுதிக்கொள்வது. இரசாயன நூலுக்கு அவர் கொடுத்த பெயர் 'கெமிஸ்தம்'. தூய தமிழ் அன்பர்களுக்கு இது கசக்கலாம். வேலை நிற்காமல் நடக்கவேண்டிய ஒருவருக்கு இது போதுமான சொல். நூல்களோடு சொற்பட்டியல்களும் அச்சாகின; அடுத்தவர் பார்த்துத் திருத்துவதற்கு அவை வழிவிட்டன.

1857இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்' பற்றி, ஒரு பெண் வைத்தியராக, தனியே சொல்ல விரும்புகிறேன். டப்ளின் நகரத்து மோன்செல் என்பவருடைய நூலின் தமிழாக்கம் அது. அக்காலத்தில் பிள்ளைப்பேறு என்பது வீட்டுப் பெண்களும் ஊர் மருத்துவிச்சியும் பார்க்கும் காரியம். ஓர் ஆண் வைத்தியரை, அதிலும் வெள்ளைக்காரரை, பிரசவ அறைக்குள் விடுவது இலகுவில் நடப்பதல்ல. இதை ஆங்கிலத்தில் மாத்திரம் படிப்பித்தால் அறிவு அந்த அறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும். தமிழில் இருந்தால், மாணவன் வீட்டுக்குப் போய்த் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் சொல்லலாம். பெண்களையும் வைத்தியராக்க வேண்டும் என்ற அடுத்த படிக்கு அக்காலம் வரவில்லை. அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் ஆண்பிள்ளைகளே. அந்தக் குறையைச் சொல்லாமல் விட்டால் இந்த மலரில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

1857இல் விடுமுறையில் அமெரிக்கா போனவர் 1862இல் திருமணம் செய்துகொண்டு மனைவி மார்கிரட்டோடு திரும்பி வந்தார். 1864இல் முழுவதும் தமிழிலேயே வைத்திய வகுப்பைத் தொடங்கினார். முதல் வகுப்புக்கும் இதற்கும் இடையில் 16 வருடங்கள். தமிழ் வகுப்பு தொடங்கும்போதும் நூல்கள் முழுவதுமாகத் தயாராகவில்லை. சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' வெளிவந்தது 1867இல். கிறே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது 1872இல். வகுப்பு முன்னே போனது, புத்தகம் பின்னே வந்தது. பழைய மாணவர்களான சப்மன், டான்வர்த் போன்றவர்கள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். கிறீன் சரிபார்த்துத் திருத்தினார். கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் அச்சானது 1858இல். பதினான்கு வருடத்தில் அதன் சாரம் தமிழுக்கு வந்துவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகத்தில் தொடங்கியவர் இருபது வருடத்தில் அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

இதற்கு எல்லோரும் மாலை போட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஆங்கிலம் உத்தியோகத்துக்குப் படிக்கட்டாக இருந்த காலம் அது. தமிழில் வைத்தியம் கற்றவனுக்கு அரசாங்கத்தில் வாய்ப்புக் குறைவு. கிறீன் விரும்பியதும் அதுவே: ஊரைவிட்டுப் போகமாட்டான் அல்லவா? மாணவர்கள் தங்கள் வேட்டி சால்வையையே உடுக்கவேண்டும், மேல்நாட்டு உடைக்கு மாறக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கிராமத்துக்கு வைத்தியர் வேண்டும் என்பது நியாயம். அதற்கான விலையை மாணவர்கள் தங்கள் எதிர்காலத்திலிருந்து கொடுத்தார்கள் என்பதும் உண்மை. வாய்ப்பைச் சுருக்கி ஒருவரை ஊரில் நிறுத்துவது எவ்வளவு தூரம் சரி? தோட்டத்துப் பிள்ளை தோட்டத்திலேயே இருந்தால் போதும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே உறைக்கும். அவர் நல்ல நோக்கத்தோடு செய்தார் என்பதற்காகக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வைத்தியம் அவருக்கு ஊழியத்தின் ஒரு பகுதி. சுவையான ஒற்றுமை ஒன்று உண்டு. மிஷனரிமாரை எதிர்த்துச் சைவத்தைக் காத்த நல்லூர் ஆறுமுக நாவலரும் கிறீனும் 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். கிறீன் மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கிய 1848இலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். எதிரெதிர்ப் பாசறையில் நின்ற இருவரும் நம்பியது ஒன்றைத்தான்: எளிய தமிழ் உரைநடையும் அச்சுக்கூடமும்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். கிறீன் மானிப்பாயில் சொல் தேடிக்கொண்டிருந்த அந்த இருபத்தைந்து வருடத்தில்தான் எங்கள் முப்பாட்டன் முப்பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, கண்டி, ஊவா மலைகளுக்கு வந்தார்கள். அப்போது இந்த மலைகளில் கோப்பி. கொலராவும் அதே பாதையில் அவர்களோடு நடந்து வந்தது. வழியில் விழுந்தவர்களுக்கு வைத்தியரும் இல்லை, தமிழும் இல்லை. 1869இல் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதல் கண்டறியப்பட்டது எமது மடுல்சீமையில். பிறகு தேயிலை வந்ததும், அதை எப்படி வளர்ப்பது என்று தெரியாமலேயே துரைமார் நட்டுப் பழகியதும் வேறு கதை. 1872இல் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்கென்று முதன்முதலாக ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. அதே 1872இல்தான் 'மனுஷ அங்காதிபாதம்' அச்சேறியது. வடக்கில் மனித உடல் முழுவதையும் தமிழில் சொல்லும் நூல். தெற்கே மலையில் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாத பல்லாயிரம் நோயாளிகள். இரண்டும் சந்தித்திருக்கலாம். சட்டத்தின்படி வந்த வைத்தியம் ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்ப்பாளர் வாயால் பேசி, கலவைமருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியது.

நான் கிறீனை எழுத எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

எங்களில் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்தோம். இழையுருமணி, குருதிக்கலன், என்பு, உடற்றொழிலியல் என்று மனப்பாடம் செய்தோம். அந்தச் சொற்கள் 1950களிலும் பின்னரும் அரசகரும மொழித் திணைக்களத்தின் குழுக்கள் ஆக்கிக் கொடுத்தவை. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் எல்லாம் ஆங்கிலம். படித்த தமிழ்ச் சொற்களை மூட்டைகட்டி வைத்தோம். பிறகு உத்தியோகத்துக்கு வந்து தோட்டத்துத் தாயின் முன் உட்கார்ந்தால், பாடப்புத்தகத் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. குருதிச்சோகை என்றால் அவளுக்கு விளங்காது. அனீமியா என்றாலும் விளங்காது. ரத்தம் பத்தாது என்றால் விளங்கும். ஆனால் அவள் ரத்தம் பத்தாது என்று சொல்லும்போது உடம்பு அசதி, தலைசுற்று, பசியின்மை என்று பத்து விடயங்கள் அதற்குள் இருக்கின்றன. எது என்று கேட்டுப் பிரிக்கவேண்டும். பிரஷர் என்றால் ஏறியதா இறங்கியதா தெரியாது. சீனி என்றால் நீரிழிவு. பனிக்குடம், நஞ்சுக்கொடி என்ற சொற்களை எனக்கு எந்த விரிவுரையாளரும் சொல்லித்தரவில்லை. தோட்டத்து மருத்துவிச்சி அம்மாமார் வாயிலிருந்து கற்றவை அவை. எந்தப் பாடநூலிலும் இதைவிட நல்ல சொல் இருக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கர்ப்பிணித் தாய்க்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறோம். மலையில் குளிசையை விழுங்குவது பெரும்பாலும் சாயத்தண்ணியோடு. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாதக்கணக்கில் ஒழுங்காகக் குளிசை குடித்தும் இரத்தம் கூடாமல் பிரசவத்துக்கு வரும் தாய், பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போனாலே ஆபத்தில் விழுவாள். சாயத்தண்ணிக்கும் குளிசைக்கும் இடையில் ஓரிரு மணித்தியாலம் விடவேண்டும், வெறும் தண்ணீரோடு குடிக்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கும் தமிழில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் இருக்கும் தாளில் அது இருந்தாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் கார்டும் இன்றுவரை ஆங்கிலத்தில்தான்.

நாங்கள் சிலர் சில வருடமாக ஒரு கொப்பியில் இந்தச் சொற்களை எழுதி வருகிறோம். தோட்டத்தில் சொல்லும் சொல் ஒரு பக்கம், அதற்கு நேரே வைத்தியச் சொல், அதன் கீழே நாங்கள் சொல்லிப் பார்த்து விளங்கியதா இல்லையா என்ற குறிப்பு. அரைவாசிப் பக்கம் வெட்டும் கொத்துமாகத்தான் இருக்கிறது. பேராசிரியர் யாரும் பார்த்தால் முகம் சுளிப்பார். ஸ்பிரிங்வெளியில் ஒரு சொல், பசறைப் பக்கம் வேறு சொல், அப்புத்தளையில் இன்னொன்று. அதை வைத்துக்கொண்டுதான் கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள்கள் தயாரிக்கிறோம். ஒவ்வொரு முறை போட்டோகொப்பி எடுக்கும்போதும் ஒரு வரி மாறுகிறது. கிறீனுடைய நூல்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்தத் தாள்களின் பொருட்டுத்தான். 150 வருடத்துக்கு முன் ஒருவர் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார் என்று அறிந்தபோது, முதலில் மகிழ்ச்சியும் பிறகு கொஞ்சம் வெட்கமும் வந்தது.

கிறீன் எழுதியவற்றில் எது நிலைத்தது என்று கேட்டால் பதில் சங்கடமானது. அவருடைய வைத்தியத்தில் பாதி, அவர் இறந்த சில வருடங்களிலேயே பழையதாகிவிட்டது. கொலராக் கிருமியை எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து றொபர்ட் கொக் உறுதிப்படுத்தியது 1883, 84இல். கிறீனுடைய பெரிய நூல்கள் எல்லாம் ஏறக்குறைய அச்சாகி முடிந்த பின். அவருடைய சொற்களிலும் பல மறைந்தன. சுகரணம் போய் உடற்றொழிலியல் வந்தது; கெமிஸ்தம் போய் இரசாயனவியல் வந்தது. பின்வந்த குழுக்கள் வேறு கொள்கையோடு வேறு சொற்களைச் செய்தன. ஆனால் அவை வெற்றுத்தாளில் தொடங்கவில்லை. தமிழில் வைத்தியத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு, நாலாயிரம் பக்கத்துக்கு மேல் விடை ஏற்கெனவே அச்சில் கிடந்தது. அதைக் குறை சொல்லித்தான் அடுத்தவர்கள் மேலே போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் கவிஞர் அம்பி கிறீனைப் பற்றி நூல் எழுதி மறுபடியும் அவரை எங்கள் பார்வைக்குக் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் எமது தலைமுறை அவரை அறிந்தே இராது.

கிறீனிடம் வைத்தியம் கற்றவர்கள், ஆங்கிலத்திலும் தமிழிலுமாக, அறுபதுக்கு மேற்பட்டோர். தொகை சிறிதாகத் தோன்றலாம். அந்நாளைய குடாநாட்டில், ஒரு கிராமத்தில் ஒருவர் என்று அவர்கள் பரவியிருந்தாலே எத்தனை கிராமம் என்று எண்ணிப் பாருங்கள். 1860களின் நடுப்பகுதியில் கொலரா யாழ்ப்பாணத்தை வாட்டியபோது மிஷன் வைத்தியர்களின் தேவை என்ன என்பது ஊருக்கே தெரிந்தது. கிருமி தெரியாத காலம். இருந்த அறிவைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்தார்கள்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். போகும்போதும் வேலை முடிந்திருக்கவில்லை. இரசாயனம் அச்சாகவில்லை, உடற்றொழில் பெரிய நூல் வரவில்லை, மருந்துப்பொருள்கள் பற்றிய நூல் கையெழுத்திலேயே இருந்தது. வூஸ்டரிலிருந்த வீட்டில் இருந்துகொண்டு, மானிப்பாய் மாணவர்கள் அனுப்பும் தமிழ்ப் பிரதிகளைத் திருத்தித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கப்பல் தபால் போய்வர மாதங்கள் எடுக்கும் காலம். 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. டோல்டனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என்ற பெயரில் 1883இல் வந்தது. பத்து வருடமாக, தமிழ் பேசும் ஒருவரையும் காணாத ஊரில் இருந்துகொண்டு தமிழ் அச்சுப்பிழை திருத்துவது எப்படிப்பட்ட வேலை என்பதை இந்த மலரின் பிழைதிருத்தும் சகோதரிகள் அறிவார்கள்.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி வூஸ்டரில் காலமானார். வயது 61. மானிப்பாயில் அவர் தொடங்கிய இடத்தில் பின்னாளில் எழுந்த வைத்தியசாலை கிறீன் நினைவு வைத்தியசாலை என்று இன்றும் வழங்குகிறது. தாம் தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்பதைத் தமது கல்லறையில் பொறிக்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அப்படியே பொறித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில்.